அந்தச் சிவப்புப் புள்ளி உண்மையிலேயே துணைதானா? கிராஃப் தாளில் நீங்களே சரிபார்க்கும் முறை

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தி முப்பது வருடம் ஆகப்போகிறது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒவ்வொரு சித்திரையிலும் ஏழெட்டுப் பிள்ளைகள் பாய் விரித்து உட்காருவார்கள். வியாழனின் நிலவுகள், சனியின் வளையம் எல்லாம் பார்த்து முடித்ததும், நான் டெலஸ்கோப்பை மூடிவைத்துவிட்டு கிராஃப் தாளை எடுப்பேன். எந்த டெலஸ்கோப்பும் நம் மாடியிலிருந்து காட்ட முடியாத ஒன்றைப் பென்சிலால் பிடிக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பழுப்புக் குறுமீனைச் சுற்றும் கோள் எடையுள்ள துணையை, பிறர் சொன்னார்கள் என்று நம்பாமல், எண்களை எடுத்துவைத்து நாமே சரிபார்ப்பது எப்படி என்று.

நான் எடுத்துக்கொள்ளும் பொருள் 2எம்1207. இந்த வகையில் முதன்முதலில் படம் பிடிக்கப்பட்டது இதுதான். எண்களும் எளிதில் கிடைக்கின்றன, கணக்கும் அழகாக வருகிறது.

தேவையானவை: மில்லிமீட்டர் கட்டம் போட்ட ஏ4 கிராஃப் தாள் இரண்டு, ஒரு டிரேசிங் தாள், ஸ்கேல், பாகைமானி, நன்றாகக் கூராக்கிய பென்சில், சைன், கொசைன் இருக்கும் கால்குலேட்டர், இணையம் உள்ள போன். பென்சில் கூர் முக்கியம். ஏன் என்று பிறகு தெரியும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழுப்புக் குறுமீன் என்பது விண்மீனாகப் பிறக்கப் புறப்பட்டு, போதிய எடை சேராமல் நின்றுபோன ஒன்று. உள்ளே ஹைட்ரஜன் தொடர்ந்து எரிய வேண்டுமானால் வியாழனைப் போல் ஏறக்குறைய 75 மடங்கு எடை வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் எரியாது. ஆனால் 13 மடங்குக்கு மேல் இருந்தால் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கொஞ்ச காலம் எரியும். இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்டதைத்தான் பழுப்புக் குறுமீன் என்கிறோம். இப்படி ஒன்று இருக்க முடியும் என்று 1960களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டுச் சொன்னவர் இந்தியாவில் பிறந்த சிவ் குமார். 'பழுப்பு' என்ற பெயரை 1975இல் வைத்தவர் ஜில் டார்ட்டர். உறுதியாகக் கண்ணில் பட்டது 1995இல்தான்.

2எம்1207 என்ற குறுமீனை டூமாஸ் என்னும் அகச்சிவப்பு வான்கணக்கெடுப்பிலிருந்து 2002இல் எடுத்துக்காட்டியவர் ஜான் கிஸிஸ். டி.டபிள்யூ. ஹைட்ரே என்ற இளம் விண்மீன் கூட்டத்தைச் சேர்ந்தது. வயது சுமார் ஒரு கோடி ஆண்டு. சூரியனுக்கு 460 கோடி. அந்தக் கணக்கில் இது தொட்டில் குழந்தை. எடை வியாழனைப் போல் சுமார் 25 மடங்கு. இதை 'ஏ' என்று வைத்துக்கொள்வோம்.

2004 ஏப்ரலில் கேல் ஷோவான் தலைமையிலான குழு, சிலி நாட்டில் செர்ரோ பரனால் மலையில் உள்ள 8.2 மீட்டர் டெலஸ்கோப்பில் நாக்கோ என்ற கருவியைப் பூட்டி இதைப் படம் பிடித்தது. ஏ-க்குப் பக்கத்தில் நூறில் ஒரு பங்கு வெளிச்சத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அதுதான் 'பி'. நம் விசாரணை முழுவதும் இந்தப் பி-யைப் பற்றியதுதான்.

வானத்தில் இடத்தைக் காட்டுங்கள்

கணக்குக்கு இது தேவையில்லை. ஆனாலும் நான் இதை விடுவதில்லை. எந்தத் திசையில் இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டிய பிறகு பிள்ளைகள் போடும் கணக்கு வேறு மாதிரி இருக்கும்.

சித்திரையில் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குத் தெற்குப் பார்த்து நில்லுங்கள். அஸ்த நட்சத்திரம் தெரியும்தானே, உள்ளங்கை போல நாற்கோணமாக நிற்பது? அந்த நாற்கோணத்தின் வலது கீழ் மூலையில் உள்ள மீனைப் பிடியுங்கள். அங்கிருந்து நேர் கீழே இறங்கினால் தென் சிலுவைக்குக் கொஞ்சம் மேலே, லேசாக வலப்பக்கம், சென்டாரஸின் டெல்டா மீன் வரும். இரண்டுக்கும் நடுவே 28 டிகிரி. கையை நீட்டி மூடிய முட்டி ஒன்று 10 டிகிரி என்று வைத்தால், அஸ்தத்தின் மூலையிலிருந்து ஒன்றே முக்கால் முட்டி கீழே. அந்த வெற்றிடம்தான் 2எம்1207. எங்கள் ஊரிலிருந்து அது உச்சத்தில் 41 டிகிரி உயரத்துக்கு வருகிறது, சென்னையில் 37. ஐரோப்பாவின் பல ஊர்களில் அது அடிவானத்துக்கு மேலேயே வராது. நமக்கு நன்றாகவே எழுந்து நிற்கிறது.

அங்கே எதுவும் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏ-யே அவ்வளவு மங்கல். ஆனால் அகச்சிவப்பில் கதை மாறும். போனில் அலாடின் வான்வரைபடத்தைத் திறந்து, இந்தப் பொருளின் பெயரை ஆங்கில எழுத்தில் டி.டபிள்யூ.ஏ. 27 என்று அடியுங்கள். அதுவும் இதன் பெயர்தான். முதலில் சாதாரணப் படம், பிறகு டூமாஸ் படம் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். அகச்சிவப்புக்குப் போனதும் நடுவில் ஒரு மீன் எழும்பி வருவதைப் பார்ப்பீர்கள். அது ஏ மட்டும்தான். பி அதற்குள்ளேயே கரைந்து கிடக்கும்.

எண்களைத் திரட்டுங்கள்

சிம்பாட் என்ற பிரெஞ்சுத் தரவுத்தளத்தில் அதே பெயரை அடித்தால் ஒரு பக்கம் வரும். அதிலிருந்து மூன்றை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, இடமாறு தோற்றம், அதாவது பூமி சூரியனைச் சுற்றுவதால் மீன் இடம் மாறித் தெரியும் அளவு. கையா செயற்கைக்கோள் அளந்தது, சுமார் 15.5 மில்லி விகலை. விகலை என்றதும் பயப்பட வேண்டாம். பஞ்சாங்கத்தில் வரும் பாகை, கலை, விகலைதான். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. மில்லி விகலை அதில் ஆயிரத்தில் ஒன்று.

இரண்டு, சொந்த நகர்வு. வானத்தின் குறுக்கே ஏ ஆண்டுக்கு மேற்கே 64, தெற்கே 24 மில்லி விகலை நகர்கிறது. தரவுத்தளத்தில் இரண்டும் கழித்தல் குறியோடு இருக்கும். முதல் எண்ணில் கழித்தல் என்றால் மேற்கு, இரண்டாவதில் கழித்தல் என்றால் தெற்கு.

மூன்று, கே பட்டை எனப்படும் அகச்சிவப்பு நிறத்தில் பொலிவெண். எண் கூடினால் வெளிச்சம் குறைவு என்று பொருள். ஏ-க்குச் சுமார் 12, பி-க்குச் சுமார் 17. ஐந்து பொலிவெண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு, அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பி-யின் எண் சிம்பாட்டில் தனிப் பக்கமாக வரும். வராவிட்டால் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது எண் ஐரோப்பியத் தென் வானாய்வகம் வெளியிட்ட புகழ்பெற்ற படத்திலிருந்து வருகிறது. நீலம் கலந்த வெள்ளையாக நடுவில் ஏ, இடது கீழே சிவப்பாகப் பி. படத்திலேயே 778 மில்லி விகலை என்று எழுதியிருக்கும். கவனமாகப் பின்னர் அளந்தவர்கள் சொன்ன தூரம் சுமார் 773, திசைக்கோணம் வடக்கிலிருந்து கிழக்கு வழியாக 125.4 டிகிரி. நான் 773ஐ எடுத்துக்கொள்கிறேன். படத்தை அச்செடுத்து, அதில் உள்ள அளவுகோலை வைத்து ஸ்கேலால் நீங்களும் ஒருமுறை அளந்து பாருங்கள். பாகைமானி வைத்துக் கோணத்தையும். பிள்ளைகளுக்கு இது 2 டிகிரி பிசகோடு வந்துவிடுகிறது.

773 மில்லி விகலை எவ்வளவு சிறிது? ஒரு சென்டிமீட்டர் அகலச் சட்டைப் பொத்தானை 2.7 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் தெரியும் அகலம். காற்றின் அலைச்சலில் மீன்கள் சிமிட்டும்போது அந்தப் பொத்தானே கலங்கிப்போகும். அதை நொடிக்குப் பலநூறு முறை சரிசெய்யும் ஏற்பாடுதான் அடாப்டிவ் ஆப்டிக்ஸ். சரிசெய்ய ஒரு வழிகாட்டி மீன் வேண்டும். ஏ கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மங்கல் என்றேனே, அதனால் சாதாரணக் கருவிகள் அதை வழிகாட்டியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. நாக்கோவிலோ அலைச்சலை அளக்கும் பகுதியே அகச்சிவப்பில் வேலை செய்யும். ஏ-யின் வெளிச்சத்தையே கைவிளக்காக வைத்து ஏ-யின் பக்கத்தைத் தேட முடிந்தது அதனால்தான்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். சூரியனும் வியாழனும் இப்படிப் பக்கத்தில் நின்றால் சூரிய வெளிச்சம் வியாழனைப் போல் நூறு கோடி மடங்கு. இங்கே வெறும் நூறு மடங்கு. தாய் மங்கலாக இருப்பதால்தான் பிள்ளை தெரிகிறது.

தூரம்

1000ஐ 15.5ஆல் வகுங்கள். 64.5 பார்செக். அதை 3.26ஆல் பெருக்கினால் 210 ஒளியாண்டு. விகலையில் உள்ள இடைவெளியைப் பார்செக்கால் பெருக்கினால் நேராக வானியல் அலகு கிடைக்கும்: 0.773 × 64.5 = 50. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ளதைப் போல் ஐம்பது மடங்கு. நெப்டியூன் 30இல் இருக்கிறது.

இந்த இடத்தில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். பல வருடம் கரும்பலகையில் 55 வானியல் அலகு என்றுதான் எழுதினேன். படத்தின் மேலேயே அப்படி அச்சடித்திருந்தது, நான் கேள்வி கேட்கவில்லை. ஒரு வருடம் தேவி என்ற பெண் நான் சொன்ன முறையிலேயே கணக்குப் போட்டு, "மிஸ், எனக்கு அம்பதுதான் வருது" என்றாள். மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். அவள் சரி. கண்டுபிடித்தபோது 70 பார்செக் என்று மதிப்பிட்டிருந்தார்கள், 55 அதிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டே கூட்டத்தின் நகர்வை வைத்து 53 பார்செக் என்றார்கள், அதில் 41 வரும். கையா வந்த பிறகு 50. பொருள் அசையவில்லை, நம் அளவுகோல்தான் அசைந்தது. எந்த வானியல் அலகைப் பார்த்தாலும் அதன் பின்னே எந்தத் தூரம் இருக்கிறது என்று கேளுங்கள். விகலைக் கணக்கு மட்டும் அப்படியே நிற்கும். அதனால் கிராஃபை விகலையில்தான் போடப்போகிறோம்.

கிராஃப்

இரண்டு புள்ளிகள் ஒன்றாகத் தெரிந்தால் அவை உறவு என்று ஆகிவிடாது. தேரோட்டத்தன்று மாடியில் நின்று வீதியைப் பார்க்கிறோம். ஒரு பெரியவர் தோளருகே ஒரு சிறுவன் தலை தெரிகிறது. மகனா, அல்லது பின்னால் திண்ணையில் நிற்கும் யாரோவா? ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருங்கள். பெரியவர் நகரும்போது சிறுவனும் நகர்ந்தால் கைபிடித்து வந்தவன். பெரியவர் போன பிறகும் அவன் அங்கேயே நின்றால் திண்ணைக்காரன். ஷோவான் குழுவும் இதைத்தான் செய்தது. 2004 செப்டம்பரில் அறிவித்தபோது 'ராட்சதக் கோளாக இருக்கக்கூடிய துணை' என்று மட்டுமே பெயர் வைத்தார்கள். 'ஆம்' என்று சொல்ல 2005 ஏப்ரல் வரை காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பை நாம் தாளில் வரைவோம்.

அளவு: 1 மில்லிமீட்டர் = 10 மில்லி விகலை.

தாளின் வலது மேல் பக்கத்தில், ஓரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் உள்ளே ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் ஏ. மேலே வடக்கு. இடப்பக்கம் கிழக்கு. ஆம், இடப்பக்கம். நிலவரைபடத்தை மேலிருந்து கீழே பார்க்கிறோம், வானத்தைக் கீழிருந்து மேலே பார்க்கிறோம், அதனால் திரும்பிவிடுகிறது. என் வகுப்பில் ஆண்டுதோறும் பாதிப் பேர் கிழக்கை வலப்பக்கம் வைத்துவிட்டு, அச்செடுத்த படத்தோடு பொருத்தும்போது திகைப்பார்கள். நம்பாதவர்களை மாடிக்குக் கூட்டிப்போய், மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை வடக்கே வைக்கச் சொல்லி, கிழக்கு எந்தக் கைப்பக்கம் என்று கேட்பேன். அதன் பிறகு மறக்கமாட்டார்கள்.

இப்போது பி. 773ஐ சைன் 125.4ஆல் பெருக்கினால் 630, அது கிழக்கே. கொசைன் 125.4ஆல் பெருக்கினால் கழித்தல் 448, அதாவது தெற்கே 448. தாளில் ஏ-யிலிருந்து 63 மி.மீ. இடது, 45 மி.மீ. கீழே. புள்ளி வைத்து 'பி, 2004' என்று எழுதுங்கள்.

அடுத்து டிரேசிங் தாளை மேலே வைத்து ஏ-யையும் பி-யையும் பதிந்துகொள்ளுங்கள். இதில் 'திண்ணைக்காரன்' கதையை வரையப்போகிறோம். பி வெகுதூரத்துப் பின்னணி மீன் என்றால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஏ ஓராண்டில் மேற்கே 64, தெற்கே 24 போகும். ஆனால் நம் தாளில் ஏ-யை ஆணி அடித்து வைத்திருக்கிறோம். அப்படியானால் நிற்கும் மீன் எதிர்ப்பக்கம் போவதுபோல் தெரியும், ரயிலில் உட்கார்ந்தவருக்கு மரம் ஓடுவதுபோல. கிழக்கே 64, வடக்கே 24. எனவே ஓராண்டு கழித்து அது ஏ-யிலிருந்து கிழக்கே 694, தெற்கே 424இல் இருக்க வேண்டும். டிரேசிங் தாளில் 69.4 மி.மீ. இடது, 42.4 மி.மீ. கீழே ஒரு புள்ளி. ஸ்கேலை வைத்து ஏ-யிலிருந்து அளந்தால் 81.3 மி.மீ. பாகைமானி 121.4 டிகிரி காட்டும். இன்னோர் ஆண்டு கூட்டினால் 857 மில்லி விகலை, 117.8 டிகிரி.

கைபிடித்து வந்தவன் என்றால்? 77.3 மி.மீ., 125.4 டிகிரி. பழைய புள்ளியிலேயே.

ஆக ஓராண்டில் இரண்டு கதைகளுக்கும் தாளில் கிட்டத்தட்ட 7 மி.மீ. பிரிவு. இனி அளந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று வையுங்கள். நாக்கோவில் 2005 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் திரும்பப் படம் எடுத்தார்கள். ஹப்பிள் தொலைநோக்கியில் வேறொரு குழு 2004 ஆகஸ்டிலும் 2005 ஏப்ரலிலும் எடுத்தது. எல்லாவற்றிலும் பி அதே இடத்தில், சில மில்லி விகலை பிசகுக்குள். சில மில்லி விகலை என்றால் நம் தாளில் அரை மில்லிமீட்டர், கூரான பென்சில் வைக்கும் ஒரு புள்ளி. பென்சிலை மழுங்கலாக வைத்திருந்தால் அளவுப் பிசகும் பென்சில் பிசகும் கலந்துவிடும், அதனால்தான் கூராக்கச் சொன்னேன். அந்தப் புள்ளிக்கும் டிரேசிங் தாளில் உள்ள 'திண்ணைக்காரன்' புள்ளிக்கும் நடுவே 7 மி.மீ. வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். 210 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஓர் உறவைப் பத்து ரூபாய்க் கிராஃப் தாள் சொல்கிறது.

ஒரு நுணுக்கம். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஏ ஆண்டு முழுதும் 15.5 மில்லி விகலை அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆடும். வெகுதூர மீன் ஆடாது. தாளில் அது ஒன்றரை மி.மீ. ஒரே மாதத்தில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால் அந்த ஆட்டம் கழிந்துபோகும். ஏப்ரலையும் ஆகஸ்டையும் ஒப்பிட்டால் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே பிரிவு 7 மி.மீ. என்பதால் முடிவு மாறாது. மெதுவாக நகரும் பொருளில் இதை விட்டால் ஏமாந்துபோவோம்.

மறுகேள்விகள்

பிள்ளைகளிடமிருந்து எப்போதும் இரண்டு கேள்விகள் வரும். இரண்டும் நல்ல கேள்விகள், பதில் தெரிந்துகொண்டுதான் மேலே போக வேண்டும்.

"மிஸ், பின்னாடி இருக்கிற மீனும் தானா நகருமே?" நகரும். ஆனால் வெகு தூரத்தில் இருப்பவை பெரும்பாலும் மிக மெதுவாகத்தான் தெரியும். அது ஏ போகும் அதே திசையில், அதே ஆண்டுக்கு 68 மில்லி விகலை வேகத்தில் போவது மிக அரிது. அதோடு பி-யின் நிறமாலையில் நீராவியின் தடம் இருந்தது. குளிர்ந்த, சிறிய பொருளுக்கே உரிய தடம் அது.

"அதே கூட்டத்துல இருக்கிற இன்னொண்ணா இருந்தா? அதுவும் சேர்ந்துதானே போகும்?" இது முதல் கேள்வியைவிடக் கூர்மையானது. டி.டபிள்யூ. ஹைட்ரே கூட்டத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான் போகிறார்கள். எனவே சேர்ந்து போவது மட்டும் சுற்றுவதற்கு முழுச் சாட்சி ஆகாது. ஆனால் அந்தக் கூட்டம் மிகவும் கலைந்தது. சில டஜன் உறுப்பினர்கள் வானத்தில் பல பத்து டிகிரிக்குப் பரவிக் கிடக்கிறார்கள். அதில் இருவர் தற்செயலாக ஒரு விகலைக்குள் வந்து நிற்பது என்பது நடக்காத காரியம்.

சுற்றுவதை நேரில் பார்க்க முடியாதா என்றால், சுற்றுக்காலம் சொல்லும் கெப்ளரின் மூன்றாம் விதியைக் கூப்பிடுவோம். ஏ 25, பி சுமார் 5, இரண்டும் சேர்ந்து வியாழனைப் போல் 30 மடங்கு, சூரியனில் 1047இல் 30 பங்கு, 0.0287. ஐம்பதின் கனம் 1,25,000. அதை 0.0287ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2,090 ஆண்டு. நாம் பார்க்கும் 50 என்பது வானத்தளத்தில் விழுந்த நிழல் நீளம்தான், பாதையும் வட்டம் என்று சொல்வதற்கில்லை. அதனால் 'இரண்டாயிரம் ஆண்டு அளவில்' என்று மட்டும் எழுதுங்கள். ஆண்டுக்கு 0.17 டிகிரி. வட்டமாகத் திரும்பினால் 2.3 மில்லி விகலை, தாளில் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஓராண்டில் பி அசையாதது போலத் தெரிந்ததன் காரணம் இதுதான். நம் திருவள்ளுவர் காலம் தொட்டு இன்றுவரை அது ஒரு சுற்றுதான் வந்திருக்கும்.

எடையை யார் நிறுத்தது?

யாரும் நிறுக்கவில்லை. சுற்றுவதை அளக்க முடியாதபோது நேராக எடை கிடைக்காது. வெளிச்சம், தூரம், வயது மூன்றையும் வைத்து, குளிர்ந்துகொண்டே போகும் வாயு உருண்டை பற்றிய கணிப்பு மாதிரிகளைப் பார்த்து 'சுமார் 5 வியாழன்' என்கிறார்கள். முதல் படி நாம் போடலாம். 64.5ஐ 10ஆல் வகுத்து, மடக்கை எடுத்து, 5ஆல் பெருக்கினால் 4.05. பி-யின் 17இலிருந்து கழித்தால் தனிப் பொலிவெண், அதாவது 10 பார்செக்கில் வைத்தால் தெரியும் பொலிவெண், 13 அளவில். ஏ-க்கு 8. அதற்கு மேல் மாதிரிதான் பேச வேண்டும். வயது தவறினால் எடையும் தவறும். இதே 5 வியாழன் எடை சூரிய வயதில் இருந்திருந்தால் பிறப்புச் சூடெல்லாம் ஆறி, இந்தப் படத்தில் வந்தே இருக்காது.

இதில் ஒரு பழைய புதிர் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. நிறமாலையைப் பார்த்தவர்கள் வெப்பநிலை 1600 கெல்வின் என்றார்கள். அந்தச் சூட்டுக்குப் பி இருக்க வேண்டிய வெளிச்சத்தில் இல்லை. ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதியில் போட்டுப் பார்த்தால் ஆரம் வியாழனைவிடச் சிறிதாக வரும். இவ்வளவு இளசான, ஊதிப் பெருத்திருக்க வேண்டிய பொருளுக்கு அது முடியாது. பி-யைச் சுற்றி ஒரு தூசித் தட்டு பக்கவாட்டில் நின்று மறைக்கிறதோ என்றெல்லாம் யோசித்தார்கள். 2011இல் வேறு வழி தெளிந்தது. தடித்த மேகங்களும், அடியிலிருந்து வேகமாகக் கிளம்பி வரும் வாயுக் கலக்கமும் சேர்ந்து நிறமாலையைச் சூடானதுபோலக் காட்டுகின்றன. உண்மையான வெப்பம் 1200 பக்கம். வெளிச்சம் மாறாமல் வெப்பம் 1600இலிருந்து 1200க்கு இறங்கினால் ஆரம் எத்தனை மடங்காகும்? நான்கின் கீழ் மூன்றைத் திருப்பி வர்க்கம் எடுங்கள்: 1.78. ஆரம் வியாழனுக்கு மேலே போய்விடுகிறது. புதிர் அவிழ்கிறது. பதினொன்றாம் வகுப்புச் சூத்திரம்தான்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் இதன் அகச்சிவப்பு நிறமாலையை மிகத் தெளிவாக எடுத்தது. கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, இவ்வளவு குளிர்ச்சியில் எதிர்பார்க்கும் மீத்தேன் தென்படவில்லை. கலக்கம் உண்டு என்பதற்கு அதுவும் ஒத்துப்போகிறது. ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டும் ஒளிரும் கோடுகளும் கிடைத்தன. பி-யின் மேல் இன்னும் வாயு விழுந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அவை அடையாளம்.

என்ன பெயர் சொல்லி எழுதுவது

உங்கள் நோட்டில் தலைப்பு எழுதும்போது 'கோள்' என்று எழுதாதீர்கள், 'கோள் எடைத் துணை' என்று எழுதுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. 5ஐ 25ஆல் வகுத்தால் ஐந்தில் ஒன்று. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டு வரையறைப்படி புறக்கோள் என்றால் எடை மையப்பொருளில் சுமார் 25இல் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். வியாழன் சூரியனில் 1047இல் ஒன்று. 25 வியாழன் எடையுள்ள ஒரு குறுமீனைச் சுற்றியிருந்த தட்டில், அதுவும் 50 வானியல் அலகுத் தொலைவில், 5 வியாழன் செய்யும் அளவுக்குச் சரக்கு இருந்திருக்குமா என்பதும் ஐயம். இரட்டை விண்மீன்கள் பிறப்பதுபோல ஒரே மேகம் இரண்டாக உடைந்து பிறந்தது என்பதே எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது. அப்படியானால் பி-யை ஏ-யின் பிள்ளை என்று மேலே நான் சொன்னது உறவுமுறையில் பிசகு, தம்பி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது கிராஃப் தாள் மீதி இருக்கிறதல்லவா? அதில் ஓஃப் 98 என்ற ஜோடியைப் போடுங்கள். 2020இல் அறிவிக்கப்பட்டது. மூத்தது சுமார் 15 வியாழன், இளையது சுமார் 8. இடைவெளி 1.46 விகலை, தூரம் 137 பார்செக். பெருக்கினால் 200 வானியல் அலகு. கெப்ளரிடம் கொடுத்தால் சுற்றுக்காலம் ஏறக்குறைய இருபதாயிரம் ஆண்டு வரும். இது வானத்தில் 2எம்1207ஐவிட மெதுவாக நகர்கிறது, எனவே ஓராண்டுப் படங்கள் போதாது. பழைய படங்களையும் தேடியெடுத்துப் பத்தாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்தார்கள். சொந்த நகர்வை சிம்பாட்டில் எடுத்துப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு புள்ளிகளையும் ஒரே தாளில் அடக்கப் பார்க்க வேண்டாம். இளையதின் அக்கம்பக்கத்தை மட்டும் 1 மி.மீ.க்கு 5 மில்லி விகலை என்று பெரிதாக வரைந்தால் போதும். கிழக்கு இடப்பக்கம்.